கேமரா நின்ற இடம்

"ஜிபிஎஸ் ஸ்டாம்ப் வர்ற மாதிரி எடுத்துக் குடுங்க சார்." படம் கேட்டு வருகிற ஒப்பந்தக்காரர்கள் இப்போதெல்லாம் விலை பேசுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறார்கள். சாக்கடை தோண்டுவதற்கு முன் ஒரு படம், குழாய் இறங்கும்போது ஒன்று, மூடி மண் நிரவிய பின் ஒன்று. மூன்றிலும் கீழ்மூலையில் சின்ன வரைபடமும் இரண்டு நீள எண்களும் தேதியும் இருந்தால்தான் பில் நகரும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் வெட்டிய குளத்தையும் போட்ட பாதையையும் இடம் குறித்த படமாக எடுத்து இஸ்ரோவின் புவன் தளத்தில் ஏற்றும் முறை 2016இல் வந்தது. மறு ஆண்டே அது வேலைக்கு முன், இடையில், முடிந்த பின் என மூன்று கட்டமாக விரிந்தது. இன்று நகரத்துச் சின்ன வேலைகளுக்கும் அதே வழக்கம்தான். பெங்களூர் ஜோகுபாளையத்தில் மாடிப்படிக்கு அடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் போன்றவர்களுக்கு, கல்யாண முகூர்த்தம் இல்லாத மாதங்களில் இது சோறு போடுகிறது.

பிழைப்புக்கு வெளியே எனக்கு இன்னொரு கிறுக்கு உண்டு. பெங்களூரைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளையும் நடுகற்களையும் படம் எடுப்பேன். சாக்கடைக்கும் நடுகல்லுக்கும் ஒரே கேமரா, ஒரே ஜிபிஎஸ் பெட்டி. இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்ததில் ஒன்று தெளிவானது. அந்தப் பெட்டிக்குத் தெரிந்ததெல்லாம் கேமரா எங்கே நின்றது என்பது மட்டும். படத்தில் இருக்கும் பொருள் எங்கே இருக்கிறது என்பதைப் படம் எடுப்பவன்தான் சொல்ல வேண்டும்.

ஃபிலிம் காலத்தில் இடத்தைக் குறிக்க எங்களிடம் இருந்தது பாக்கெட் நோட்டுதான். ரோல் எண், படம் எண், பக்கத்தில் "ஏரிக்குக் கிழக்குக் கரை, புங்கமரத்துக்கு எதிரே" என்று ஒரு வரி. ஜிபிஎஸ் அப்போதே வானத்தில் இருந்தது. ஆனால் ராணுவம் அல்லாதவர்களுக்கு வரும் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்திருந்ததால் நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். ஜோகுபாளையத்தில் நூறு மீட்டருக்குள் எத்தனை சந்து என்று இங்கே வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலப்பை நிறுத்தினார்கள். ஒரே இரவில் உலகத்துக் கருவிகளெல்லாம் பத்து இருபது மீட்டருக்குள் இடம் சொல்லத் தொடங்கின. கேமராவோடு ஜிபிஎஸ்ஸைச் சேர்ப்பதற்கு அர்த்தம் பிறந்தது அதன் பிறகுதான்.

நிகான் டி90 கேமராவும் ஜிபி-1 என்ற துணைக்கருவியும் 2008இல் சேர்ந்து வந்தன. பிளாஷ் பொருத்தும் ஹாட் ஷூவில் உட்காரும் சின்னக் கறுப்புப் பெட்டி. அதிலிருந்து ஒரு கேபிள் கேமராவின் பக்கவாட்டுச் சொருகிக்குப் போகும். தனி பேட்டரி கிடையாது, கேமராவிடமிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். சிவப்பு விளக்கு மினுங்கினால் செயற்கைக்கோள்களைத் தேடுகிறது. பச்சை மினுங்கினால் மூன்று கிடைத்துவிட்டது. பச்சை நிலையாக எரிந்தால் நான்கோ அதற்கு மேலோ. நான்கு ஏன் என்று உதவிப் பையன்கள் கேட்பார்கள். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் என்று தெரியாதவை மூன்று. பெட்டிக்குள் இருக்கும் மலிவான கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பது நான்காவது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு கோளும் "நான் இங்கே இருக்கிறேன், என் நேரம் இது" என்று சொல்லிக்கொண்டே போகிறது. சிக்னல் வந்து சேர்ந்த தாமதத்தைத் தூரமாக மாற்றினால் நான்கு சமன்பாடு கிடைக்கும், நான்கும் அவிழும்.

அந்தப் பெட்டியோடு வாழப் பழகுவது தனி வித்தை. கேமரா ஓய்வுக்குப் போனால் பெட்டியும் தூங்கிவிடும். விழித்ததும் மறுபடி தேடல். அதைத் தடுக்க மெனுவில் தானாக அணைவதை நிறுத்திவைத்தால் பேட்டரி மத்தியானத்துக்குள் இறங்கிவிடும். ஆகவே சட்டைப் பையில் உபரி பேட்டரி எப்போதும் இருக்கும். ஹாட் ஷூவைப் பெட்டி பிடித்துக்கொண்டதால் பிளாஷுக்கு இடமில்லை. கல்வெட்டு எடுப்பவனுக்கு அது நஷ்டமல்ல, எழுத்து மேலெழ வேண்டுமானால் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழ வேண்டும். பிளாஷைக் கையில் தனியே பிடித்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். கேபிள் முள்ளில் மாட்டும், பை வாரில் சிக்கும். சொருகியில் நேராக இழுபடாமல் ஒரு வளையம் போட்டு வாரோடு கட்டிவைக்கச் சொல்லிக்கொடுப்பேன்.

கேனான் 2012இல் கொண்டுவந்த ஜிபி-இ2 வேறு வழியில் போனது. அதற்குத் தனியாக ஒரு பென்சில் பேட்டரி உண்டு, திசைகாட்டி உண்டு, நடந்த தடத்தைத் தானே பதிந்துவைக்கும். கேமரா எந்தத் திசையைப் பார்த்தது என்பதும் படத்தோடு சேர்ந்துவிடும். ஆனால் திசைகாட்டிக்கு இரும்பு ஆகாது. கம்பிவேலிக்கும் நிறுத்திய லாரிக்கும் பக்கத்தில் வடக்கு நகர்ந்துவிடும். வேலை தொடங்கும் முன் கருவியைக் காற்றில் எட்டு வடிவில் சுழற்றிச் சரிசெய்வதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். "என்னப்பா, கேமராவுக்குத் திருஷ்டி கழிக்கிறியா?" என்று டொம்ளூரில் ஒரு அம்மா கேட்டார்.

பெட்டியைக் கேமராவில் மாட்டாமலே வேலை முடிக்கும் முறையும் உண்டு. செலவு குறைவு, கேபிள் தொல்லை இல்லை. தடம் பதியும் லாக்கரைப் பை வாரில் தொங்கவிட்டு நடந்தால் போதும். சோனி 2006இல் விற்ற ஜிபிஎஸ்-சிஎஸ்1 பதினைந்து வினாடிக்கு ஒருமுறை இடத்தைக் குறித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து, படத்தின் நேரத்தையும் தடத்தின் நேரத்தையும் கணினியில் பொருத்தினால் ஒவ்வொரு படத்துக்கும் இடம் ஏறிவிடும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் இதை ஒரே கட்டளையில் செய்யும். இன்று லாக்கரின் வேலையைக் கைபேசிச் செயலியே செய்கிறது.

இங்கே உயிர் முழுக்கக் கடிகாரத்தில்தான். தடம் உலகப் பொது நேரத்தில் பதியும், கேமரா நம் நேரத்தில் ஓடும். இடைவெளி ஐந்தரை மணி நேரம் என்று மென்பொருளுக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கும் மேலே, கேமராவின் கடிகாரம் மெல்ல மெல்லப் பிசகும். நடந்துபோகிறவனுக்கு ஒரு நிமிடப் பிசகு எண்பது மீட்டர். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பைக்கில் போகிறவனுக்கு ஐந்நூறு மீட்டர், அதாவது அடுத்த ஊர். ஆகவே ஒவ்வொரு நாளும் முதல் படம் லாக்கர் திரையில் ஓடும் வினாடியை எடுப்பதுதான். அந்தப் படத்தில் தெரியும் நேரத்துக்கும் கேமரா எழுதிய நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொடுத்துவிட்டால் அன்றைய படங்கள் மொத்தமும் நேராகிவிடும். எந்த விலையுயர்ந்த கருவியையும்விட எனக்கு உதவியது இந்தப் பழக்கம்தான்.

கருவியைக் குறை சொல்வதற்கு முன் வானத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் சந்துகளில் இருபுறமும் மூன்று மாடி, நான்கு மாடி. மேலே தெரிவது ஒரு நீலக் கீற்று. அதில் நேர் உச்சியில் இருக்கும் கோள்கள் மட்டும் அகப்படும். மற்றவற்றின் சிக்னல் எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வரும். சுற்றி வந்த தூரத்தையும் பெட்டி நேர்த்தூரமாகவே எண்ணிக்கொள்ளும். விளைவு, ஒரே வாசலில் நின்று எடுத்த படங்களில் சில பின் தெருவில் போய் விழும். ஹலசூரு மெட்ரோப் பாதையின் கீழும் இதே கதை. இதற்கு எங்கள் பரிகாரம் பழைய காலத்துப் பரிகாரம்: மொட்டை மாடியிலோ தெருமுனையில் திறந்த இடத்திலோ ஒரு நல்ல அளவை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து அடி எண்ணி, திசை குறித்து உள்ளே போவது. கோயில் மண்டபத்துக்குள்ளும் அப்படித்தான். சோமேஸ்வரர் கோயிலின் கல் கூரைக்கு அடியில் போனதும் பச்சை விளக்கு சிவப்பாகிவிடும். ஜிபி-1 அந்த நிலையில் படத்தில் எதையுமே எழுதாது. சில கைபேசிகள் கடைசியாகத் தெரிந்த இடத்தையே எழுதிக்கொண்டிருக்கும். எழுதாமல் விடுகிற கருவியைத்தான் நான் நம்புவேன்.

2018க்குப் பிறகு வந்த சில கைபேசிகள் இரண்டு அலைவரிசைகளைக் கேட்கின்றன. அவற்றால் சுவரில் பட்டு வந்த சிக்னலை ஓரளவு பிரித்துவிட முடிகிறது. இஸ்ரோவின் நாவிக் கோள்களையும் சில கைபேசிகள் கேட்கின்றன. அந்த அமைப்பின் வழிசெலுத்தல் மையம் நம் ஊரிலிருந்து ரொம்ப தூரமில்லை, பியாலாளுவில் 2013இல் தொடங்கியது. இருந்தாலும் ஸ்டாம்பில் அச்சாகும் தசமங்களைப் பார்த்து மயங்கக் கூடாது. ஐந்தாவது தசமம் சுமார் ஒரு மீட்டர், ஆறாவது பத்து சென்டிமீட்டர். திறந்த வானத்தில் கைபேசியின் திறனே ஐந்து மீட்டர் அளவுதான். ஆறு தசமம் போடுகிற செயலி தனக்குத் தெரியாததையும் சேர்த்துச் சொல்கிறது.

உயரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் என்று பள்ளியில் படித்திருப்போம். சில லாக்கர்கள் இங்கே 820 என்று காட்டும். பழுதாகிவிட்டதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். கருவியில் பழுதில்லை. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது கணிதத்தில் வரைந்த ஒரு வழவழப்பான நீள்கோளத்திலிருந்து. உண்மையான கடல் மட்டமோ புவியீர்ப்பைப் பொறுத்து மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகிலேயே ஆழமான அந்தப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், நூறு மீட்டருக்கும் அதிக ஆழத்தில். அதன் சரிவிலேதான் தென்னிந்தியா முழுவதும் இருக்கிறது. பெங்களூரில் வித்தியாசம் சுமார் 85 மீட்டர். சில கருவிகள் இதைத் தாமே திருத்திக் காட்டும், சில காட்டாது. வாங்கிய அன்றே, உயரம் தெரிந்த ஓர் இடத்தில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

பழைய வரைபடத்தோடு ஒப்பிடுகிறவர்களுக்கு மூன்றாவது பொறி. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள்கள் ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் கணித்த நீள்கோளத்தின் மேல் வரையப்பட்டவை. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ்84 என்ற வேறொன்றில். இன்றைய எண்ணை நேராகப் பழைய தாளில் வைத்தால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். 2005இன் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கான தாள்கள் டபிள்யூஜிஎஸ்84இல் வரத் தொடங்கின. எவரெஸ்டின் கணக்குக்கு மூலமான தென்னாட்டு நில அளவையை லாம்டன் என்ற அளவையாளர் ஆரம்பித்தபோது, சென்னைப் பரங்கிமலைக்கு முன்பே, 1800இல், பெங்களூர் அருகில்தான் சங்கிலி போட்டு ஓர் அடிக்கோட்டை அளந்து பார்த்தார். 1804இல் இங்கே மறுபடி அளந்தார்கள். இந்த ஊர் மண்ணுக்கு இடம் குறிக்கப்படுவது புதிதல்ல.

இனி கல்லுக்கு வருகிறேன். பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்த எபிகிராபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதியை பி.எல். ரைஸ் 1905இல் வெளியிட்டார். ஒவ்வொரு கல்லுக்கும் இடக்குறிப்பு உண்டு: இன்ன ஊரில், இன்ன கோயிலுக்கு முன்னால், இன்ன நிலத்தில். டொம்ளூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளும் அதில் வருகின்றன. இலைப்பாக்க நாட்டுத் தோம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அவை ஊரைச் சொல்கின்றன. ஜோகுபாளையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கோயிலில் இருப்பவை பரவாயில்லை, கோயில் எங்கும் போகாது. வயல் வரப்பில் இருந்தவை என்னவாயின? வயல் லேஅவுட் ஆனது, ஏரி பேருந்து நிலையம் ஆனது, குறிப்பில் சொன்ன மரம் விழுந்தது. நூறாண்டுக்கு முந்தைய அந்த வாக்கியம் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது. அதோடு இரண்டு எண் மட்டும் இருந்திருந்தால் என்று தோன்றாத நாளில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க இன்று உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பி.எல். உதயகுமாரும் நண்பர்களும் தொடங்கிய கல்வெட்டுத் தேடல், 1909இல் நிறுவப்பட்ட மிதிக் சொசைட்டியின் முப்பரிமாண ஸ்கேன் திட்டமாக 2021 முதல் நடக்கிறது. கல்லின் ஒவ்வொரு கீறலும் கணினியில் ஏறுகிறது, இடமும் வரைபடத்தில் ஏறுகிறது. 2018இல் ஹெப்பாளில் வெளிச்சத்துக்கு வந்த, எட்டாம் நூற்றாண்டுக் கிட்டய்யா கல்வெட்டுக்கு இன்று இடம் தெரியாமல் போக வழியில்லை.

எண் வந்ததும் வாக்கியத்தைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். அங்கேதான் நான் குறுக்கே நிற்பேன். ஹலசூரு ஏரித் தீவில் சிறகு உலர்த்தும் நீர்க்காகத்தைக் கரையிலிருந்து நீள லென்ஸில் எடுத்தால் படத்தில் பதிவது நடைபாதையின் இடம்தான். வேலிக்கு அப்பால் தனியார் நிலத்தில் கிடக்கும் நடுகல்லுக்கும் அப்படியே. படத்தில் இடத்தைச் சுமக்கும் எக்ஸிஃப் தரத்தை வகுத்தவர்களே இதை யோசித்திருக்கிறார்கள். கேமராவின் அட்சரேகை, தீர்க்கரேகைக்குத் தனிக் கட்டங்கள், இலக்குப் பொருளின் இடத்துக்கும் திசைக்கும் தூரத்துக்கும் தனிக் கட்டங்கள். இலக்கின் இடத்தை நிரப்புவது நம் வேலை. கல்லுக்கு எட்டு அடி மேற்கே நின்று எடுத்தேன் என்று அங்கேயே குறித்துக்கொண்டு வந்து, இரவு மேசையில் உட்கார்ந்து நிரப்புவேன்.

கஸ்தூர்பா சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு ஆதகூர்க் கல் வந்து பல காலமாகிறது. காட்டுப்பன்றியோடு மோதி உயிர்விட்ட காளி என்ற வேட்டை நாய்க்கு நட்ட கல். தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட செய்தியையும் அது சொல்வதால் தமிழர்களுக்கும் வேண்டப்பட்ட கல். அதைப் படம் எடுத்தால் இடம் என்று பதிவாவது பெங்களூரின் நடுமையம். எண் சரி. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி ஒருவன் வரைபடம் போட்டால், மண்டியா மாவட்டத்து ஊர் ஒன்று தன் நாயை இழந்துவிடும். பேகூரிலிருந்து வந்த கங்கர் கால நடுகல்லுக்கும் அங்கே அதே நிலைமை.

அருங்காட்சியகத்துக்கு வந்த கல்லுக்காவது பதிவேடு உண்டு. ஊரில் நகர்கிற கற்களுக்கு அதுவும் இல்லை. "அந்தக் கல்லா? ரோடு போட்டப்போ ஜேசிபில தூக்கி அரசமரத்துக்கிட்ட வெச்சுட்டாங்கண்ணா" என்று டீக்கடைப் பையன் சொன்னால்தான் நமக்குத் தெரியும். செயற்கைக்கோள் அதைச் சொல்லாது. டீக்கடையில் கேட்டது, கேட்ட தேதி, பழைய இடம், புதிய இடம் நான்கையும் படத்தின் விளக்கக் கட்டத்தில் எழுதுகிறேன்.

எழுதியது தங்குவதும் முக்கியம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே இருந்த இடத்தகவல் உதிர்ந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் தங்கும். ஒப்பந்தக்காரர்கள் மேலே அச்சாகிற ஸ்டாம்பை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம், எத்தனை கை மாறினாலும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஸ்டாம்ப் படத்தின் மேல் உட்கார்ந்து மறைக்கும், கல்வெட்டின் கடைசி வரி அங்கே இருந்தால் போயிற்று. ஆகவே மூலப் படத்தைத் தொடாமல் வைத்து, நகலில் மட்டும் ஸ்டாம்ப் போட்டுக் கொடுக்கிறேன்.

வேண்டுமென்றே இடத்தை அழிக்கும் நேரமும் உண்டு. வீட்டு விசேஷப் படங்களில் அந்த வீட்டின் வாசல் வரை எண் போகும். வாடிக்கையாளரிடம் கேட்டு நீக்கிவிடுவேன். புதையல் இருக்கும் என்று நடுகல்லுக்கு அடியில் தோண்டுகிற கூட்டம் இன்றும் உண்டு. ஆள் நடமாட்டமில்லாத இடத்துக் கற்களின் எண்ணை ஆய்வாளர்களிடம் தருவேன், பொதுவில் வைக்கும் படத்தில் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்வேன்.

என்னிடம் தொழில் கற்க வரும் பையன்கள் "இப்போ ஃபோனே எல்லாம் செய்யுதேண்ணா, இந்தப் பெட்டி எதுக்கு?" என்று கேட்கிறார்கள். பெட்டி வேண்டாம்தான். கைபேசியிலேயே தடம் பதியட்டும், புளூடூத்தில் கேமராவுக்கு இடம் போகட்டும். ஆனால் ஒரு கல்லுக்கு ஒரு வரிசை என்று பதிவு வைக்கும்போது, கல் நகர்ந்திருந்தால் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதியதை எழுதாதே என்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். கீழே இன்னொரு வரி சேர், தேதி போடு, நகர்ந்த கதையை யார் சொன்னார்கள் என்று எழுது. அரசமரத்தடிக் கல்லைப் பார்க்க வருகிறவனுக்குப் புதிய எண் போதும். அந்த வீரன் எந்த ஏரிக்கரையில், எந்த ஊர் எல்லையில் விழுந்தான் என்று கேட்டு வருகிறவனுக்கு, நாம் அழிக்காமல் விட்ட பழைய எண்தான் பதில் சொல்லும்.